பதினோரு ஊசி

'டடக்!'

ஒரே ஒரு சத்தம்தான். வெள்ளியங்கிரி பாய்ந்து போய் சுவிட்சை அணைத்தான். பின்னல் மிஷினுக்குள் குனிந்து எண்ணினான். பதினோரு ஊசிகள் தலையில்லாமல் நின்றன. கையிருப்பில் நாலு.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, ஷெட் கொடுத்த சர்க்கார் அதிகாரி சோதனைக்கு வருகிறார். அப்போது மிஷின் ஓடவில்லை என்றால் இந்த ஷெட் போய்விடும். ஷெட் போனால், வாசலில் தொங்கும் 'ஆயம்மாள் பனியன் கம்பெனி' பலகையும் இறங்கிவிடும்.

"ஏனுங்க, ஊசி இங்க எங்கீங்க கெடைக்கும்?" என்றாள் அவன் மனைவி ஆயம்மாள்.

"திருப்பூர்ல."

"அது தெரியாதுங்களா எனக்கு? துணிய வெளுக்கணும்னா திருப்பூர், தைக்கோணும்னா திருப்பூர். இப்ப ஊசிக்குமா? பேசாம பஸ்லயே கம்பெனி வெச்சிருக்கலாமுங்க."

அவன் பையை எடுத்தான்.

மதுரைக்கும் தெற்கே, கருவேலங்குளம் சர்க்கார் தொழிற்பேட்டையில் இருபது ஷெட். இவனுடையது போக பத்தொன்பதும் காலி; அதில் ஒன்றில் ஆடுகள் படுத்திருந்தன. திருப்பூரில் கரண்டு கனெக்‌ஷனுக்கு இரண்டு வருஷம் காத்திருக்கச் சொன்னார்கள். இங்கே மனுப் போட்ட மாதமே ஷெட், கரண்டு, தண்ணீர் எல்லாம் தயார். மச்சான் வேலுமணியின் கம்பெனியில் எட்டு வருஷம் மிஷின் ஓட்டியவனுக்கு இது போதாதா? "இனி உங்க வாசப்படி மிதிக்க மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டு, ஒரே ஒரு பழைய மிஷினோடு லாரி ஏறியவன் வெள்ளியங்கிரி.

மதுரை, திண்டுக்கல், தாராபுரம் என்று பஸ் மாறி, புதன்கிழமை காலை திருப்பூர் ராயபுரத்தில் அதே வாசப்படியை மிதித்தான்.

"வாங்க மாப்ள!" வேலுமணி சிரித்த சிரிப்பில் இருந்த சர்க்கரை ஒரு டம்ளர் காப்பிக்குப் போதும். "சர்க்கார் கம்பெனி எப்படிங்க?"

"ஊசி வேணுமுங்க மச்சா."

வேலுமணி எழுந்து போய்ப் பக்கத்துச் சுவருக்கு மேலே கையை நீட்டினான். "ஏனுங்க, இருவது ஊசி குடுங்க." அந்தப் பக்கமிருந்து ஊசி அடைத்த ஒரு தீப்பெட்டி வந்தது. யாருக்கு, எதற்கு என்று ஒரு கேள்விகூட வரவில்லை. அந்தத் தெருவில் அப்படித்தான். இன்று உனக்கு உடையும், நாளை எனக்கு. வெள்ளியங்கிரியே அந்தச் சுவருக்கு மேல் ஆயிரம் தடவை கை நீட்டியிருக்கிறான். ஷெட்டுக்கு மனு எழுதியபோது மட்டும் சுவர் ஞாபகத்துக்கு வரவில்லை.

"ஊசி மட்டும் பத்தாதுங்க. உள்ள ஊசிய ஏத்தி எறக்கற கேம் தேஞ்சிருக்கும், மறுபடியும் ஒடைக்கும். ரத்தினசாமியக் கூட்டிட்டுப் போங்க."

மெக்கானிக் ரத்தினசாமி எதிர்த்த கம்பெனியில்தான் மிஷினுக்கு அடியில் படுத்திருந்தான். தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

"இந்தத் தெருவுல மட்டும் ஏழு மிசின் நிக்குதுங்க. ஒரு கேமுக்காக மூணு நாள் பஸ்ல உக்காந்தா, ஏழு பேரும் என்னை உசுரோட உடுவாங்களா?"

தலை உள்ளே போய்விட்டது.

கிளம்பும்போது வேலுமணி மெல்ல ஆரம்பித்தான். "என்ற சுவத்த ஒட்டி மாட்டுக்கொட்டாய் ஒண்ணு இருக்குதுங்க. மழைக்கு ஒழுகும். மாட்ட அவுத்து அந்தப் பக்கம் கட்டுனா உங்க மிசின் உக்காரும். கரண்டு என்ற ஊட்ல இருந்து இழுத்துக்கலாம்."

"கொட்டாயிலயா? எனக்கு கான்கிரீட் ஷெட் இருக்குதுங்க!" வெள்ளியங்கிரி தீப்பெட்டியோடு பஸ் ஏறினான்.

வியாழன் ஒன்பது மணிக்கு வந்து, பதினோரு ஊசியையும் மாட்டினான். பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. அதிகாரி ஆறுமுகசாமி, கையில் நிரப்ப வேண்டிய ஒரு பாரம், முகத்தில் ஏகப்பட்ட சலிப்பு.

மிஷின் ஓடியது! துணி இறங்கியது!

"அப்பாடா, ஒரு ஷெட்டாவது ஓடுதே" என்று ஆறுமுகசாமி கையெழுத்துப் போட்டார். "இன்னும் ஒரு வருஷம் உங்களுக்குத்தான். ஏன்யா, நிலம், கட்டடம், கரண்டு எல்லாம் சும்மா குடுக்கறோம். ஒருத்தன் வர மாட்டேங்குறான். அந்தத் திருப்பூர்ல ஒரே தெருவுல முட்டி மோதிக்கிட்டு ஆரம்பிக்கிறீங்களே, அங்க அப்படி என்னதான்யா இருக்கு?"

"ஊசிங்க."

"ஊசியா? அதுக்குப் பாரத்துல கட்டம் இல்லியே" என்றவர், 'ஆர்வக்குறைவு' என்று எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் எழுப்பிய புழுதி அடங்கவில்லை.

'டடக்!'

வெள்ளியங்கிரி எண்ணினான். கையிருப்பில் மீதி பதிமூன்று. உடைந்தது பதினாலு.

அவன் கையெழுத்தான காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பலகையைக் கழற்றினான். ஆயம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் போட ஆரம்பித்தாள்.

தபாலாபீசில் போஸ்ட் மாஸ்டர் தந்தி வாசகத்தை இரண்டு தடவை படித்தார். 'வேலுமணி, ராயபுரம், திருப்பூர். மாட்டை அவிழ்க்கவும்.'

"என்னவே இது? கம்பெனி விஷயமா அவசரத் தந்தின்னு சொன்னீரு?"

"ஆமாங்க, கம்பெனி விஷயந்தானுங்க" என்றான் வெள்ளியங்கிரி. "சீக்கிரம் அடிங்க சாமி, லாரி நிக்குது."