சதுப்பில் கேட்ட இரண்டாவது குரல்

தபோதரனை அந்தச் சதுப்பு நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் கோபம் முழுவதும் அவர்மேல்தான் என்று நினைத்துவிடுவீர்கள்.

ஜேர்மனியின் வடக்கே, டேனிஷ் எல்லைக்கு அருகே, கடைசி பஸ் தரிப்பிடத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர் நடந்தால் வரும் இடம். தண்ணீர் பால் விடாத பிளேன்டீ நிறத்தில் கிடக்கும். காலை வைத்தால் நிலமே அசையும். பதினொரு வருடமாக ஒவ்வொரு வசந்தத்திலும் அங்கே பறவைக் கூடுகளைத் தேடிக் காவல் பார்க்கிறேன். சம்பளமில்லாத வேலை. சொந்தக்காரர்களுக்கு இது விசர் வேலை, பைத்தியக்காரத்தனம்.

இந்த வருடம் ஒரே ஒரு கூடுதான் இருந்தது. ஜேர்மன் மொழியில் பிராக்ஃபோகல் என்பார்கள், கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகுள்ள பறவை. அந்தச் சதுப்பில் மிஞ்சிய கடைசிச் சோடி. நாலு முட்டைகள், இன்னும் பத்து நாளில் பொரிக்க வேண்டியவை. நரி வராமல் சுற்றிவர மின்கம்பி வேலி போட்டிருந்தேன்.

தபோதரன் எர்லாங்கனில் பொறியியலாளர். வடக்கே காடுகாடாக அலைந்து படமெடுத்து, தமிழ் விழாக்களில் திரையில் காட்டுகிறவர். நோட்டீசில் இயற்கையாளர் என்று போடுவார்கள். அவர் போன் பண்ணி, "தங்கச்சி, உங்கட சதுப்பைப் பாக்கோணும்" என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினொரு வருடத்தில் அப்படிக் கேட்ட முதல் தமிழர். யோசிக்காமல் ஓம் என்றுவிட்டேன்.

கூட்டிலிருந்து நூற்றைம்பது மீட்டர் தள்ளி இருந்த மரக்குடிலில் அவரை இருத்திவிட்டு, வேலியின் பற்றரி பார்க்க மறுகரைக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் ஆண் பறவையின் குரல் கேட்டது. எங்கள் ஆண் என் தலைக்கு மேலே பறந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் அது வேறொரு ஆண்! இரண்டாவது சோடி வந்துவிட்டது என்று நம்பி, சேற்றில் விழுந்தெழும்பி ஓடினேன். அவ்வளவு சந்தோசம்.

குடிலுக்கு வெளியே, முக்காலியில், ஒரு ஸ்பீக்கர். அதிலிருந்துதான் அந்தக் குரல், பதிவுசெய்த குரல். பக்கத்தில் கமெராவோடு தபோதரன். வராத அந்த அந்நிய ஆணை விரட்ட இரண்டு பறவைகளும் அதற்கு மேலே கத்திக் கத்திச் சுற்றின.

"அண்ணை, நிப்பாட்டுங்கோ!"

"அரை மணித்தியாலம்தானே போட்டனான். லாப்லாந்தில எல்லாரும் இப்பிடித்தான் எடுக்கிறவை."

"ரெண்டும் இஞ்ச நிக்குது. முட்டையில ஆர் இருக்கினம்?"

நான் கூட்டை நோக்கி நடக்க, அதிலிருந்து இரண்டு காகங்கள் எழும்பின. வேலி நரிக்குத்தானே போட்டது. உடைந்த கோதுகள் ஈரமாகக் கிடந்தன. ஒரு முட்டைகூட மிஞ்சவில்லை.

பின்னால் வந்து எட்டிப் பார்த்தவர், "காகம் தின்னுறதும் இயற்கைதானே, தங்கச்சி" என்றார்.

அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. "காகத்தை ஆர் கூப்பிட்டது? நீங்கள். உங்களைக் கூப்பிட்டது நான். போங்கோ" என்றேன். ஒன்பது கிலோமீட்டரும் அவர் முன்னே நடந்தார்; நான் பின்னே.

இரண்டு வாரத்தில் படம் முகநூலில் வந்தது. விரித்த இறகு, திறந்த அலகு. உண்மையில் அருமையான படம், அதுதான் வயிற்றெரிச்சல். கீழே எழுதியிருந்தார்: "வடதிசை வனம் என்னைப் பாடி வரவேற்ற கணம். வழிகாட்டிய தங்கை சயந்தினிக்கு நன்றி." விசர் வேலை என்ற அதே சொந்தக்காரர்கள் வரிசையாக இதயம் போட்டிருந்தார்கள். "இப்பதான் விளங்குது நீ ஏன் அங்க போறனி எண்டு" என்று கமலநாயகி மாமி எழுதியிருந்தார்.

நானும் எழுதினேன்: "அது பாடவில்லை. எழும்பிப் போ என்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கத்துகிறது. அந்த நேரத்தில் அதன் நாலு முட்டைகளையும் காகங்கள் தின்றன. காகங்களுக்கும் நன்றி போடுங்கோ அண்ணை."

ஒரு மணித்தியாலத்தில் நான் எழுதியதை அழித்துவிட்டார். எனக்குச் சொன்ன நன்றி இன்னும் அங்கேயே இருக்கிறது.