குசினி வாசலில் நின்ற குரல்

மதாம் லூசி பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, "இந்தப் பெண் எங்கே நிற்கிறாள்?" என்று கேட்டார்.

புதன்கிழமை மாலை வகுப்பு. பகலில் வேறு வேலை செய்துவிட்டு ஒலிப்பதிவு படிக்க வருகிறவர்கள் நாங்கள். ஆளுக்கொரு பழைய பாட்டைத் தெரிந்தெடுத்து, அது எப்படிப் பதிவானது என்று ஆராய்ந்து, பிறகு அதையே புதிதாகப் பதிவுசெய்து காட்ட வேண்டும். அதுதான் இறுதி வேலை. நான் கொண்டுபோனது 'யன்னல் விளக்கு'. சொற்கள் தமிழ், மெட்டும் கிற்றாரும் லொறிக்காரர்கள் கேட்கிற கன்ட்ரிப் பாட்டுகளுடையவை. எங்கள் ஆசிரியை மதாம் லூசிக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ஆணின் குரல் என் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இவள் வேறோர் அறையில் இருக்கிறாள். கருவியில் திருகி உண்டாக்கிய தூரம் இல்லை இது, உண்மையான தூரம். ஏன் அப்படிச் செய்தார்கள்?"

தெரியாது என்றேன். இந்தப் பாட்டைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன், அந்தத் தூரத்தைத்தான் எல்லோரையும் போல நானும் அழகு என்று நினைத்திருந்தேன், அது எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. இதையெல்லாம் பிரெஞ்சில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து வழக்கம்போல அன்றைய வகுப்பைப் பற்றி எழுதினேன். பாதிப் பக்கம் பாடம். மீதிப் பக்கம், எனக்கு இந்தப் படிப்பு சரிவருமா என்ற கேள்வி.

'யன்னல் விளக்கு' தொண்ணூற்றாறில் வந்தது. மொன்றியலில் ஒரு வீட்டில் பதிவாகி, கசெற்றாக ரொறன்ரோவுக்குப் போய், அங்கிருந்து பாரிசுக்கும் லண்டனுக்கும் போனது. கலியாண மண்டபங்களில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் உள்ளே வரும்போது இன்றைக்கும் போடுகிறார்கள். அவன் பனியில் லொறி ஓட்டிக்கொண்டு வருகிறான். அவள் வீட்டில் காத்திருக்கிறாள். 'நீ வாற றோட்டெல்லாம் பனி கொட்டிக் கிடக்குது' என்று அவள் தொடங்குவாள். 'நீ வைச்ச விளக்கொண்டு எனக்காக முழிக்குது' என்று அவன் முடிப்பான். அவளுடைய குரல் கேட்கிற இடத்தில் தன் நெஞ்சு பிசைகிறது என்று வானொலியில் ஓர் அறிவிப்பாளர் சொன்னதைப் பதிவுசெய்து வைத்திருக்கிறவர்கள் உண்டு. கசெற் உறையில் 'யோசெப் குழுவினர்' என்று இருந்தது. அவளுடைய பெயர் இல்லை.

அவளைத் தேடி நான் அலையத் தேவையிருக்கவில்லை. சென்ட் லோரன்டில் மாத்திரை அடைக்கிற தொழிற்சாலையில் எனக்கு எதிர்ப்பக்கம் நின்று வேலை செய்கிறவர் இமெல்டா அன்ரி. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், மைக்ரோவேவுக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது, மதாம் லூசியின் கேள்வியை அப்படியே கேட்டேன்.

"குசினி வாசலிலை," என்றார். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"எந்தக் குசினி?"

"யோசெப் அண்ணையின்ரை பழைய வீட்டுக் குசினி. ஒரு மைக்தான் இருந்தது. என்ரை பெரியம்மா விடேல்லை. எனக்கு அப்ப கலியாணம் பேசிக்கொண்டிருந்தவை. குமர்ப்பிள்ளை ஒரு ஆம்பிளையோடை ஒரு மைக்கிலை முகத்தை வைச்சுக்கொண்டு நிண்டா நாளைக்குக் கோயிலிலை என்ன கதைப்பினம்? நடுவிலை கதிரையைப் போட்டுச் செபமாலையோடை இருந்திட்டா. நான் வாசலிலை நிண்டு பாடினனான்."

பதிவில், பாட்டின் இரண்டாவது அடியில் ஒரு சின்னச் சொடுக்கு ஒலி கேட்கும். ஏதோ ஒரு வாத்தியம் என்று எழுதிவைத்திருந்தேன். செபமாலை மணி.

"உங்கடை குரலிலை ஏக்கம் இருக்கெண்டு எல்லாரும் சொல்லுறவை, அன்ரி."

"ஏக்கமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பின்னாலை பருப்பு அடிப்பிடிச்சுக்கொண்டிருந்தது. எப்ப முடியும், எப்ப ஓடிப்போய் அடுப்பை நிப்பாட்டலாமெண்டு நிண்டு பாடினது."

இருவரும் சிரித்தோம். ஆனால் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்த பிறகு அவர் சாப்பிடவில்லை. போன மாதம் லவாலில் நடந்த ஒரு கலியாணத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். யோசெப் அங்கிளை மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இமெல்டா அன்ரியின் பங்கைப் பாட ஓர் இளம்பிள்ளை வந்தாள். அவள் மேடையின் பின்மூலைக்குப் போய், மைக்கை வாயிலிருந்து ஒரு கை தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பாடினாளாம்.

"நல்லாத்தான் பாடினவள், பாவம். ஆனா என்ரை பாட்டைப் பாடுறதெண்டா மைக்கைத் தள்ளிப் பிடிக்கோணுமெண்டு பழகியிருக்கிறாள், பார். நான் அங்கை அஞ்சாம் மேசையிலை றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன். என்ரை மகள் ஷெரோன் கேக்கிறாள், 'அம்மா, நீங்கள் ஏன் பாட்டிலை அவ்வளவு தூரம்?' எண்டு. நான் என்னத்தைச் சொல்ல?"

மணி அடித்தது. கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"உன்ரை வகுப்புக்குத் திரும்பப் பாடிப் பதியோணும் எண்டாய் எல்லே? நான் வாறன். ஆனா ஒருக்கா, ஒரேயொருக்கா, முன்னுக்கு நிண்டு பாடோணும். சம்மதமெண்டாச் சொல்லு."

சம்மதம் என்று சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

யோசெப் அங்கிளுக்கு அன்று மாலையே தொலைபேசி எடுத்தேன். பாட்டை எழுதி, ஆணின் பங்கைப் பாடியவர் அவர். யன்னல் செய்கிற தொழிற்சாலையில் வேலை செய்தபோது, கூட வேலை செய்த ஒரு கியூபெக்காரர் கோடைதோறும் கன்ட்ரி விழாக்களுக்குப் போகிறவராம். அவர் கொடுத்த கசெற்றுகளைக் கேட்டுத்தான் இந்த மெட்டுக்கு வந்தேன் என்று உற்சாகமாகச் சொன்னார். இமெல்டா அன்ரி முன்னால் நிற்கப்போகிறார் என்றதும் அந்த உற்சாகம் போனது.

"பிள்ளை, உதிலை கை வையாதை. சனம் அந்தத் தூரத்துக்குத்தான் அழுறது. கிட்ட வந்தா அது வெறும் பாட்டு."

"ஒருக்கா முயற்சி செய்து பாப்பம், அங்கிள்."

"வாறன். ஆனா நான் சொன்னதுதான் நடக்கும், இருந்து பார்."

அவர் சொன்னது சரியாக இருந்தால்? எத்தனையோ ஆண்டுகளாக இத்தனை பேர் விரும்பிய ஒன்றை, மாலை வகுப்பில் படிக்கிற ஒருத்தி திருத்தப் பார்ப்பது திமிர் இல்லையா? இந்தக் கேள்வியை எழுதினேன், அடித்தேன், திரும்ப எழுதினேன். பிறகு, விடிந்தால் செய்யவேண்டியவற்றைப் பற்றி மட்டும் யோசிப்பது என்று முடிவெடுத்தேன். மைக், கம்பி, நிலைக்கால், கோயிலில் கேட்டு வாங்கவேண்டிய மண்டபத்துத் திறப்பு.

சனிக்கிழமை பிற்பகல், கோயிலின் நிலக்கீழ் மண்டபம். கிற்றாருக்குப் பாடகர் குழுவிலிருந்து பிருந்தன் வந்திருந்தான். யோசெப் அங்கிள் மேடைக்குப் போடும் அகலமான கவ்பாய்த் தொப்பியோடு வந்து இறங்கினார். இமெல்டா அன்ரி அந்தத் தொப்பியை மேலும் கீழும் பார்த்தார்.

"யோசெப் அண்ணை, மாடு எங்கை? வெளியிலை கட்டிப்போட்டு வந்தனீங்களோ?"

"மாடு உள்ளுக்குத்தான் நிக்குது. கத்திப் பாடப்போகுதாம்."

பிருந்தன் கிற்றாருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தான்.

இரண்டு மைக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒலியின் லெவல் பார்ப்பதற்காகப் பாடச் சொன்னேன். எப்போதும் மிக உரத்த இடத்தைப் பாடவைத்துத்தான் லெவல் வைக்க வேண்டும் என்பது மதாம் லூசியின் பாடம். இமெல்டா அன்ரி மெல்லமாக ஒரு வரி பாடினார். இதைவிட உரத்து வருமா என்று கேட்டேன். "தெரியாது" என்றார். உரத்து வந்தால் இடம் வேண்டுமே என்று குறைத்து வைத்தேன், நிறையவே குறைத்து வைத்தேன். திரையில் பச்சைக் கோடு அடியிலேயே கிடந்தது. மேலே பெரிய வெற்றிடம். வகுப்பில் இப்படி வைத்தால் புள்ளி குறைப்பார்கள்.

முதல் தடவை பாடினார்கள். யோசெப் அங்கிளின் குரல் பழையபடி காதோரம் வந்தது. இமெல்டா அன்ரியின் குரல் மெலிந்து, தயங்கி, அங்கிளுடைய தோளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மைக்குக்கு முன்னால் அன்ரி இல்லை. பாடப் பாடக் கால்கள் தாமாகவே பின்னுக்குப் போயிருந்தன. நிலத்தில் நாடாவால் அடையாளம் ஒட்டினேன். அடுத்த தடவை கால் அடையாளத்தில் நின்றது, உடம்பு பின்னுக்குச் சரிந்தது. அதற்கடுத்த தடவை நடுவிலேயே நிறுத்திவிட்டார்.

"நான் சொன்னனான்தானே," என்றார் யோசெப் அங்கிள். குரலில் வெற்றி இருக்கவில்லை. "இமெல்டா, நீர் பழைய மாதிரி அந்த வாசலிலை நில்லும். பிள்ளைக்கும் வேலை முடியும். குறை நினையாதையும்."

இமெல்டா அன்ரி தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார். குடிக்கவில்லை. "இன்னொருக்கா," என்றார்.

"எத்தினை தரம்?"

"வரும் வரைக்கும்."

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது நான் செய்கிற ஒரே காரியம், எழுதிவைத்ததைத் தொடக்கத்திலிருந்து வாசிப்பது. பாட்டின் வரிகளை வாசித்தேன். அவள் வீட்டில். அவன் றோட்டில். மறுபடி வாசித்தேன். இது இவ்வளவு லேசான விஷயமாக இருக்க முடியாது, நான்தான் எதையோ பிழையாக விளங்கிக்கொண்டிருக்கிறேன் என்றும் தோன்றியது. இருந்தாலும் கேட்டேன்.

"அங்கிள், பாட்டிலை றோட்டிலை நிக்கிறது ஆர்?"

"உதென்ன கேள்வி? நான்தான். லொறி ஓடிக்கொண்டு வாறன்."

"வீட்டிலை?"

"இமெல்டா."

"அப்ப, வீட்டிலை இருக்கிறவவின்ரை குரல் ஏன் தூரத்திலை கேக்குது?"

முதலில் சிரித்தது இமெல்டா அன்ரி. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"என்ரை மாதாவே! இவ்வளவு காலமும் நான் பனிக்குள்ளை நிண்டு பாட, இவர் வீட்டுக்குள்ளை இருந்து தேத்தண்ணி குடிச்சிருக்கிறார்!"

யோசெப் அங்கிள் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தார். தான் எழுதிய வரியை முணுமுணுத்தார், பாதியில் விட்டார். பிறகு தொப்பியைக் கதிரையில் வைத்துவிட்டு, "சரி, நான் போறன்," என்று வாசல் பக்கம் நடந்தார்.

கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். பின்னால் ஓடுவதா, கூப்பிடுவதா என்று தெரியாமல் கதிரையிலிருந்து பாதி எழும்பினேன்.

மண்டபத்தின் கடைசியில், கதவோரமாக, குளிர் உடுப்புகள் மாட்டுகிற நீண்ட கம்பி இருக்கிறது. அவர் அங்கே போய், எங்கள் நான்கு பேருடைய ஜாக்கெற்றுகளையும் விலக்கி, வெறும் ஹாங்கர்களுக்கு நடுவில் திரும்பி நின்றார்.

"இஞ்சை நிண்டா அங்கை கேக்குமோ, பிள்ளை?"

அவருடைய மைக்கை நிறுத்தி, நிலைக்காலை அப்பால் எடுத்து வைத்தேன். ஒரு மைக். அதற்கு முன்னால் இமெல்டா அன்ரி தனியாக நின்றார். பக்கத்தில் ஒருவரும் இல்லை. பின்னுக்குப் போக அவர் கால் ஒருமுறை அசைந்ததைப் பார்த்தேன்.

"எனக்கு உம்மடை சத்தம் கேக்கோணும், இமெல்டா," என்று கதவடியிலிருந்து யோசெப் அங்கிள் கத்தினார். "கேக்காட்டி பாட்டை எங்கை எடுக்கிறதெண்டு எனக்குத் தெரியாது. காதும் முந்தி மாதிரி இல்லை."

"கேக்கும், கேக்கும். லொறியை நிப்பாட்டிப்போட்டுக் கேளுங்கோ."

பிருந்தன் தொடங்கினான். நான் ஹெட்ஃபோனை இறுக்கிக்கொண்டேன். 'நீ வாற றோட்டெல்லாம்' என்ற இடத்தில் அவர் குரல் இன்னும் மண்டபத்தின் பாதியைக்கூடத் தாண்டவில்லை. யோசெப் அங்கிள் காதுக்குப் பின்னால் கையை வைத்து, இல்லை என்று தலையாட்டினார். இமெல்டா அன்ரி நிறுத்தவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டு, தாடையைச் சற்று உயர்த்தி, நாடா ஒட்டிய அடையாளத்தைத் தாண்டி முன்னுக்கு ஓர் அடி வைத்தார். 'பனி' என்ற சொல்லில் குரல் திறந்தது. கொஞ்சம் கரகரப்பு இருந்தது. அழகாக இருந்ததா என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அது பெரிதாக இருந்தது. பச்சைக் கோடு நான் விட்டுவைத்த வெற்றிடத்துக்குள் ஏறியது, மஞ்சளைத் தொட்டது, இன்னும் ஏறியது. கைவிரல் லெவலைக் குறைக்கப் போனது. அந்தக் கையை மடியில் வைத்து மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன்.

அங்கே, கதவடியில், வெறும் ஹாங்கர் ஒன்று அன்ரியின் குரலுக்குக் கம்பியில் மெல்ல ரீங்கரித்தது. தன் வரி வருவதற்குக் காத்து நின்ற யோசெப் அங்கிள், பார்க்காமலே கையை உயர்த்தி அதைப் பிடித்து நிறுத்தினார். பக்கத்து ஹாங்கர் அதிரத் தொடங்கியது.