அத்தைக்குச் சொல்ல ஒரு வாக்கியம்

1

காலையில் எழுகிறேன். பல் தேய்க்கிறேன். பால் காய்கிற நேரத்தில் சாட் நாட்டுச் செய்திகளைப் படிக்கிறேன். பிறகு கேமரூன் செய்திகள். குளியல். பேருந்து. அலுவலகம்.

[பாலைப் பொங்கவிட்டு ஒரு தொடக்கம் எழுதிப் பார்த்தேன். சினிமாத்தனமாக இருந்தது. அடித்துவிட்டேன்.]

இந்தக் கதை உண்மையில் ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. அழைத்தவர் அத்தை, என் மனைவியின் அம்மா. நாளை வருகிறார். "கடைசியா என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா, மாப்பிள்ளை?" என்று கேட்டார். நேரில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். நேரில் சொல்ல ஏதாவது வேண்டுமே. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

2

கல்லூரியில் ஆப்பிரிக்க அரசியல் விருப்பப் பாடம். வேறெதிலும் இடம் கிடைக்காதவர்கள்தான் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தோம். அவள் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவள். பேராசிரியை முதல் நாளே ஆளுக்கொரு நாட்டைக் கொடுத்தார். தினமும் அதன் செய்தியைப் படித்துவிட்டு வர வேண்டும். வகுப்பில் அந்த நாடாகத்தான் வாயைத் திறக்க வேண்டும். அவளுக்குச் சாட், எனக்குக் கேமரூன். சாட்டுக்குக் கடல் கிடையாது. அதன் சரக்கு பெரும்பாலும் கேமரூன் துறைமுகம் வழியாகத்தான் போகும்.

ஒரு விவாதத்தில் நான் துறைமுகக் கட்டணத்தை ஏற்றினேன். இடைவேளையில் என் மேசைக்கே வந்துவிட்டாள். உனக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா, எங்கள் ஊரில் மாவு விலை என்ன ஆகும் என்று ஒரே சண்டை. அன்றிலிருந்துதான் நான்

[இதை எழுத வரவில்லை. விட்டுவிடுகிறேன்.]

கல்யாணத்துக்குப் பிறகு நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், "துறைமுகத்தை மூடிட்டியா?" என்பாள். பக்கத்தில் இருக்கும் அத்தை விழிப்பார். மகள் அரசியலில் முனைவர் பட்டம் படிக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லப்போய், எந்தக் கட்சி என்று கேட்டார்களாம்.

3

இதுவரை எழுதியதில் அவள் ரொம்ப நல்லவளாக இருக்கிறாள். நம்பாதீர்கள். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவாள். தோற்கப்போகிறாள் என்று தெரிந்தால் வாதத்தை நடுவில் விட்டுத் தூங்கிவிடுவாள்.

அத்தைக்கான முடிவுகள்:

"அம்மாவைப் பாத்துக்கோ" என்றாள். [அத்தையே நம்பமாட்டார். நம்மைத்தான் அம்மா பார்த்துக்கொள்கிறாள் என்பது அவள் கட்சி.]

"அம்மா எங்க?" என்றாள். [அத்தை அன்று வெளியூரில் இருந்தார். தாங்கமாட்டார்.]

எதுவுமே சொல்லவில்லை, தூக்கத்திலேயே

[பொய். பக்கத்தில்தான் நின்றேன்.]

4

காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் ஊசிக்கு நரம்பு தேடினார். பேச்சுக் கொடுக்க, என்ன படிக்கிறீங்க என்று கேட்டார். ஆப்பிரிக்க அரசியல் என்றாள். அந்த நாட்டில் அப்படி என்னம்மா அரசியல் என்றார் நர்ஸ். அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் நிமிர்ந்து உட்காரப் பார்த்தாள். பதில் சொன்னாள். என் பக்கம் திரும்பவில்லை. அதன் பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோனார்கள். அங்கே அவள் பேசவில்லை.

அந்தப் பதிலில் அத்தைக்கு ஒன்றுமில்லை. எனக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அதில் அவள் முழுசாக இருக்கிறாள். இதை அப்படியே கொடுப்பதா, மேலே உள்ளவற்றில் ஒன்றைத் தேற்றிக் கொடுப்பதா? என்னால் முடிவெடுக்க முடியவில்லை. நீங்கள் சொல்லுங்கள். அவள் சொன்னது இவ்வளவுதான்:

"ஐம்பத்துச் சொச்சம் நாடு இருக்கு, சிஸ்டர். எந்த நாடுன்னு சொல்லுங்க, சொல்றேன்."