பதினோரு மணி மேடம்

எங்கள் கம்பெனியில் இரவுப் பணிக்கு வருகிறவர்களை இரண்டு வரிசையாக உட்கார வைப்பார்கள். ஜன்னல் பக்கம் இன்டர்நெட் புகார், சுவர் பக்கம் டிவி புகார். நான் இரண்டு வருஷமாக ஜன்னல் பக்கம். நடுவில் கண்ணாடித் தடுப்பு. டீ மெஷின் இருக்கிற இடத்தில்தான் இரண்டு வரிசையும் கலக்கும்.

பதினோரு மணி மேடத்தைப் பற்றி அங்கேதான் கேள்விப்பட்டேன். டிவி வரிசையில் குறட்டை என்று ஒருவன். இரண்டு நிமிஷம் அழைப்பு வராவிட்டால் நாற்காலியிலேயே தூங்கிவிடுவான். பழைய மாடல் செட்டாப் பெட்டிகள் இரவு பதினோரு மணிக்குத் தானாக நின்றுபோகும். ஆபீஸிலிருந்து ஒரு பட்டனை அழுத்தினால்தான் மறுபடி படம் வரும். பெரியவர்கள் அதைச் சாக்காக வைத்துப் படுத்துவிடுவார்கள். ஒரு சின்னப் பெண் மட்டும் வாரத்தில் மூன்று நாளாவது போன் செய்கிறாள், அதிகாரமாக மிரட்டுகிறாள் என்று குறட்டை சொல்வான். அவள் பேசுவதுபோல் மூக்கால் பேசியும் காட்டுவான்.

எல்லாரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

"சின்னப் புள்ளைய இந்நேரம் வரைக்கும் டிவி முன்னாடி உக்கார வச்சிருக்காங்களே, அவ அப்பன் என்னத்தப் புடுங்கிட்டு இருக்கான்?" என்று கேட்டது நான்தான்.

எனக்கும் ஆறு வயதில் மகள் இருக்கிறாள். அதனால் கேட்கிற உரிமை இருப்பதாக நினைத்தேன். போன வருஷம் அவள் வகுப்பில் தூங்கி வழிகிறாள் என்று டீச்சர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்கூட எழுந்திருப்பதில்லையாம். இரவு வேலையை விட்டுவிடுகிறேன், பகலில் எதையாவது பார்த்துக்கொள்கிறேன் என்று அன்றைக்கே சொன்னேன். மனைவிதான் வேண்டாம் என்றாள். எட்டரைக்கு டிவியையும் விளக்கையும் தானே அணைத்துவிடுவதாகவும், நான் எட்டு இருபதுக்குப் போன் செய்து ஒரு கதை சொன்னால் பிள்ளை தூங்கிவிடும் என்றும் சொன்னாள்.

"நீங்க வீட்ல இருந்தாலும் அவ தூங்குறதத்தான் பாத்துட்டு உக்காந்திருப்பீங்க" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. வேலையை விடவில்லை.

எங்களுக்கு எட்டு இருபதுக்குப் பத்து நிமிஷ இடைவேளை. படிக்கட்டுக்குக் கீழே, ஜெனரேட்டர் சத்தம் கேட்காத மூலையில் நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு கதை சொல்வேன். லாரி ஓட்டும் எறும்பு ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். மகள் நிறையச் சிரிப்பாள். எறும்பின் அம்மா காணாமல் போன இடத்தில்கூடச் சிரித்தாள். பிள்ளை வித்தியாசமாக யோசிக்கிறாள் என்று டீ மெஷின் பக்கம் நின்று பெருமை அடித்திருக்கிறேன். கடைசியில் நீளமாக ஒரு கொட்டாவி விடுவாள். அதைக் கேட்ட பிறகுதான் மேலே போய் ஹெட்செட்டை மாட்டுவேன்.

ஒரு வியாழக்கிழமை டிவி வரிசையில் இரண்டு பேர் வரவில்லை. சூப்பர்வைசர் என்னைக் குறட்டைக்குப் பக்கத்து சீட்டில் உட்காரச் சொன்னார். பதினொன்று மூன்றுக்கு ஓர் அழைப்பு வந்தது. திரையில் எங்கள் வீட்டு ஓனர் பெயர். இணைப்பு அவர் பெயரில்தான் இருக்கிறது. கீழே எங்கள் கதவு எண்.

"பெட்டில செவப்பு லைட் எரியுது. சீக்கிரம் போடுங்க, கத போயிடும்."

குறட்டை மூக்கால் பேசிக் காட்டியது தப்பு. என் மகள் மூக்கால் பேச மாட்டாள்.

ஆபீஸ் குரல் என்று ஒன்று உண்டு. பயிற்சியில் ஒரு மாதம் கற்றுக்கொடுத்தார்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் சிரிப்பதுபோல் இழுக்க வேண்டும். வீட்டில் நான் அந்தக் குரலை எடுத்ததே கிடையாது. அதில்தான் வாடிக்கையாளர் எண்ணைக் கேட்டேன்.

"அட்டையப் பாத்துச் சொல்லு குட்டி" என்று பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது. அதில் பதற்றமே இல்லை.

பத்து இலக்கத்தையும் மகள் தப்பில்லாமல் படித்தாள். எண்களில் தடுமாறுகிறாள் என்று டீச்சர் எழுதி அனுப்பிய பிள்ளை.

"நீங்க புது அங்கிளா? அந்தத் தூங்குமூஞ்சி அங்கிள் இல்லயா?"

"புதுசுதான் மேடம்."

சர்வர் வேலை செய்யவில்லை, காலையில் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். மற்றவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். விரல் பழக்கத்தில் பட்டனை அழுத்திவிட்டது. அங்கே பாட்டுச் சத்தம் வந்தது. இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். மகளுடையது எறும்புக் கதைக்குச் சிரிக்கிற அதே சிரிப்பு. எட்டு இருபதுக்கும் டிவி ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, சத்தத்தை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

அழைப்பைப் பதிவு செய்கிறார்கள். கடைசிக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

"வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

"வேணாம். எங்கப்பாவும் அங்கதான் வேல பாக்குறாரு, இன்டர்நெட்ல. அவர்ட்ட சொல்லிடாதீங்க அங்கிள்."

"அவருக்கு அந்தப் பக்கம் வேலையே இல்லடி. போன வை" என்றாள் மனைவி.

"சொல்ல மாட்டேன் மேடம்" என்றேன்.

குறட்டை ஒரு கண்ணைத் திறந்தான். "நம்ம மேடமா? அப்பன் எங்கன்னு கேட்டியா?"

"வேலைக்குப் போயிருக்கானாம்."

"நல்ல அப்பன்" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

காலையில் வீட்டுக்குப் போனபோது மகள் பள்ளிக்குக் கிளம்பிவிட்டிருந்தாள். எத்தனை மணிக்குத் தூங்கினாள் என்று மனைவியிடம் கேட்டேன். வழக்கம்போல எட்டரை என்றாள். தட்டை வைத்துக்கொண்டே சொன்னாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நானும் சாப்பிட்டேன்.

அன்று மாலையும் வேலைக்குப் போனேன். எட்டு இருபதுக்குப் படிக்கட்டுக்குக் கீழே நின்று எறும்பை லாரியில் ஏற்றினேன். பாதி மலை ஏறியதும் பேச்சை நிறுத்திவிட்டேன். அவள் "அப்புறம்?" என்று கேட்டால் போதும், மீதிக் கதையைச் சொல்லிவிடலாம், எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்று நின்றேன். மணிக்கட்டில் வாட்சைப் பார்த்தேன். ஒரு நிமிஷம். ஒன்றரை. நடுவில் ஒருமுறை சிரித்தாள். இரண்டு நிமிஷமானபோது மனைவி ஏதோ கிசுகிசுத்தாள்.

"சூப்பர் கதப்பா" என்றாள் மகள். பிறகு கொட்டாவி. வழக்கமான நீளம்.

மேலே போய் ஹெட்செட்டையும் அடையாள அட்டையையும் சூப்பர்வைசர் மேஜையில் வைத்தேன். உடம்பு சரியில்லையா என்றார். சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

இப்போது எங்கள் வீட்டில் எட்டரைக்கு விளக்கு அணைகிறது. மூன்று பேரும் வரிசையாகப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்கிறோம். யாரும் தூங்குவதில்லை. இத்தனை நாள் இல்லாமல் திடீரென்று ஏன் வேலையை விட்டீர்கள், யாராவது ஏதாவது சொன்னார்களா என்று மனைவி இருட்டில் கேட்கிறாள். மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுப்பது எனக்குத் தெரிகிறது.

நான் பதில் சொல்வதில்லை. சொல்ல மாட்டேன் என்று ஒரு வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.