சுத்தமான வடிகட்டி

தச்சருக்குத் தெருவில் 'அங்குலம்' என்று பெயர். யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியை அளந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவார் என்பார்கள். அது கொஞ்சம் மிகை. ஆனால் சட்டைப்பையில் டேப் இல்லாமல் அவர் சொந்தத் தங்கை கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை என்பது உண்மை.

அப்படிப்பட்ட மனிதர் தோல் மருத்துவர் முன்னால் அளக்க ஒன்றும் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தார். மனைவியின் இரண்டு கைகளிலும் விரல் இடுக்குகள் வெடித்திருந்தன. மடக்கினால் ரத்தம் கசிந்தது. சோப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டு மாதத்துக்குக் கையை நனைக்கவே கூடாது என்றார் மருத்துவர். உறை போட்டுக்கொண்டு கழுவலாமா என்று மனைவி கேட்டதற்கு, வியர்த்து இன்னும் மோசமாகும் என்று சொல்லிவிட்டார்.

அவள் வீட்டிலேயே தைக்கிறவள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டாக்டர்களுக்கு வெள்ளை அங்கி தைக்கும் வேலை எட்டு வருடமாக அவளிடம் இருந்தது. வெள்ளைத் துணியில் ஒரு பொட்டு ரத்தம் பட்டால் அந்த அங்கி போச்சு. ஏற்கெனவே இரண்டு அங்கிகள் திரும்பி வந்திருந்தன. இன்னொரு தடவை வந்தால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரிக் கிடங்குக்காரர் மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றைக்கு அவள் அழவில்லை. ஊசியை நூலோடு துணியில் குத்தி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் தச்சரை உலுக்கியது.

துணி துவைக்க மிஷின் இருந்தது. பாத்திரம் கழுவவும் ஒன்று வாங்கிவிடுவது என்று தோல் மருத்துவரிடமிருந்து கிளம்பிப் படி இறங்குவதற்குள் முடிவு செய்துவிட்டார்.

கடையில் விற்பனைப் பெண் தண்ணீர் எப்படிச் சுழன்று அடிக்கும், மிஷினுக்கென்று விற்கிற உப்பை எங்கே போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தச்சர் தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு மிஷினாக அளந்துகொண்டிருந்தார். மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்: தட்டுகளை உள்ளே எப்படி அடுக்குவது? விற்பனைப் பெண் வாயைத் திறப்பதற்குள் தச்சர் முந்திக்கொண்டார்.

"அடுக்குறதை என்கிட்ட விடு. முப்பது வருஷமா அதைத்தானே பண்றேன்."

மிஷின் வந்து, மேடைக்கு அடியில் அவர் ஒதுக்கியிருந்த இடத்தில் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது. கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. கதவு முன்பக்கமாகக் கீழே சாய்கிற கதவு. எதிரே இருந்த அலமாரியில் இடித்து நின்றது. இடத்தை அளந்தவர் கதவை அளக்கவில்லை. ஊருக்கெல்லாம் அளந்து கொடுக்கிறவர் சொந்த வீட்டில் கோட்டைவிட்டார். அட்டைப்பெட்டியைப் பிரித்தாகிவிட்டதால் கடைக்காரர்கள் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள்.

அந்த அலமாரி, கல்யாணமான வருடம் அவர் தன் கையால் செய்தது. ஒரு ஆணிகூட இல்லாமல் பொருத்து வைத்தே செய்தது. அதை முன்பக்கம் நாலு அங்குலம் அறுத்தார். அன்று இரவு பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வேலைக்குப் போகுமுன், எள் விழ இடமில்லாமல் தட்டோடு தட்டு, கிண்ணத்துக்குள் கிண்ணம் என்று அடுக்கிப் பொத்தானை அமுக்கினார். சாயங்காலம் வந்து பார்த்தால் எல்லாம் பளபளத்தன. ஒரு தட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்லா வேலை செய்யுதுங்க என்றாள் மனைவி. அலமாரியை அறுத்த வலி அந்த நிமிடமே பாதி குறைந்தது. தெருவில் மிஷினைப் பற்றிக் கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

அதன்பின் அதுவே வழக்கமாயிற்று. சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் அன்றைய பாத்திரங்களை அவர் அடுக்குவார், பொத்தானை அமுக்குவார், குளிக்கப் போவார். அவர் குளித்துவிட்டு வரும்போது மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

கைதான் ஆறவில்லை. மூன்று வாரம் கழித்து மருத்துவர் களிம்பை மாற்றினார். ஐந்தாவது வாரம் மறுபடியும் மாற்றினார். தண்ணீரில் கை வைக்கிறீர்களா என்று கேட்டபோது, மனைவி பேசுமுன் தச்சரே சொன்னார், ஒரு பாத்திரம்கூட அவள் தொடுவதில்லை, எல்லாம் மிஷின்தான் என்று. மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். ராத்திரிகளில் தச்சர் அவள் விரல்களுக்குக் களிம்பு தடவி, பழைய துணியைச் சுற்றிவிடுவார். மரம் வெடித்தால் என்ன செய்யவேண்டும் என்று அவருக்குத் தெரியும். இதற்கு என்ன செய்ய?

ஏழாவது வாரம் ஒரு அங்கி திரும்பி வந்தது, கழுத்துப் பட்டையில் ஒரு புள்ளியோடு. கிடங்குக்காரர் இன்னும் வெட்டாத துணிக்கட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனார். போகும்போது கையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அக்கறையாகத்தான் சொன்னார். மனிதர் திட்டியிருந்தாலாவது திருப்பிப் பேசியிருக்கலாம்.

அதற்கு மறுநாள்தான் மிஷின் கம்பெனியிலிருந்து இலவசப் பராமரிப்புக்கு மெக்கானிக் வந்தார். உள்ளே கையை விட்டு வடிகட்டியைக் கழற்றி, விளக்குக்கு நேரே பிடித்தார்.

"என்னண்ணே, வாங்கினப்போ இருந்த மாதிரியே இருக்கு. ஒரு பருக்கைகூட இல்லையே. ஓட்டவே இல்லையா?"

தினமும் ஓடுகிறது, அவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறது என்றார் தச்சர், கொஞ்சம் பெருமையோடு.

"சுத்தமா வேலை செஞ்சா அழுக்கு இங்கதானே வந்து நிக்கணும்?" என்றார் மெக்கானிக். பிறகு, அன்றைய அழுக்குப் பாத்திரங்களைத் தச்சர் அடுக்கி வைத்திருந்த மிஷினின் கீழ் அடுக்கை இழுத்துப் பார்த்தார். "இவ்வளவு நெருக்கி அடுக்கினா தண்ணி எந்த வழியா போகும்? கழுவின பாத்திரத்தைத்தான் இப்படி வைக்கலாம்."

தச்சர் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவள் ஏழு வாரம் மறைத்திருந்தாள். மெக்கானிக்கின் கண் அதற்குள் அவள் கைகளுக்குப் போயிருந்தது.

"அக்கா, கை இப்படி இருக்கே. கழுவிக் குடுக்க வீட்டுல வேற யாருமே இல்லையா?"

"இல்ல. நாங்க ரெண்டே பேர்தான்," என்றார் தச்சர்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. மெக்கானிக் வடிகட்டியை மாட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். தச்சர் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாயே என்று எத்தனை தடவை அடுத்தவர்களைப் பார்த்துச் சிரித்திருப்பார்.

மனைவி மெல்லச் சொன்னாள். முதல் நாளே தட்டுகளுக்கு நடுவில் சோறும் குழம்பும் காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் வருவதற்குள் தேய்த்துக் கழுவி வைத்தாள். அடுத்த நாளிலிருந்து, அவர் குளிக்கும் நேரத்தில் மிஷினை நிறுத்தி, எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கழுவி, அவர் அடுக்கியபடியே திரும்ப வைத்து மறுபடி ஓடவிட்டாள். மருத்துவரிடம் அவரே முந்திக்கொண்டு சொன்னபின் அவளால் மாற்றிப் பேச முடியவில்லை.

"அலமாரியை அறுத்த அன்னிக்கு நீங்க சாப்பிடவே இல்ல," என்றாள். "அதுக்கப்புறம் மிஷினும் சரியில்லன்னு எப்படிச் சொல்றது?"

அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தேடினால் சுற்றிச் சுற்றித் தன்மேலேயே வந்து நின்றது. துணிக்கட்டு இருந்த மூலை காலியாகக் கிடந்தது.

தட்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டு மறுபடி அடுக்கினார். பாதிதான் உள்ளே போயிற்று. பொத்தானை அமுக்கிவிட்டு, மீதியோடு தொட்டியின் முன் நின்று, சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழாயைத் திறந்தார். முதல் கிண்ணமே வழுக்கி விழுந்தது. மனைவி அறுபட்ட அலமாரியில் சாய்ந்து, கைகளை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு பார்த்தாள். கிண்ணத்தின் அடியில் இன்னும் சோப்பு இருக்கிறது என்றாள். அவர் மறுபடி அலசினார்.

"கழுவித் தாங்கன்னு உங்களை நான் கேட்டிருக்கலாம்," என்றாள்.

"நீ எதுக்குக் கேக்கணும்," என்றார் அவர். அடுத்த தட்டை எடுத்துத் தேய்த்தார்.

எல்லாம் கழுவி முடித்துக் குழாயை மூடினார். மணிக்கட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியும் இப்படியும் திரும்பிப் பார்த்தார். அந்தச் சமையலறையில் மேடை, அலமாரித் தட்டு, கதவு என்று எல்லாம் அவர் அளந்து செய்தவை. கை துடைக்கிற துண்டு எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. அவளைத்தான் கேட்டார்.