மூலை அடுக்கில் இருந்த நாலு டயர்

என் மனைவி மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கிறாள். எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் முதலில் பின்பக்கம் திருப்பித் தேதி பார்ப்பாள். நான் துணிக்கடைக்காரன். எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் முதலில் கீழே வைத்துவிடுவேன். ஆசைப்பட்டவன்தான் கையில் வைத்திருப்பான்; வேண்டாதவன் போலக் கீழே வைக்கிறவனுக்கே விலை இறங்கும். எங்கள் வீட்டில் இதைச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்து ஊட்டியிருக்கிறார்கள்.

போன வாரம் மழையில், மருந்துக்கடை மேட்டிலிருந்து காரில் இறங்கும்போது அவள் பிரேக்கை மிதித்திருக்கிறாள். பிரேக் கேட்டது, டயர் கேட்கவில்லை. முன்னால் நின்ற பால் வண்டிக்கு ஒரு சாண் தூரத்தில் கார் நின்றதாம். பின் சீட்டில் எங்கள் பெண் இருந்திருக்கிறாள். மனைவி வீட்டுக்கு வந்து சாவியை மேஜைமேல் போட்டாள்.

"நாலு டயரும் உங்க தலை மாதிரி ஆயிடுச்சு. ஒரு கோடு கூட இல்ல. நாளைக்கு நானே போய் மாத்திட்டு வந்துடறேன்."

"நீ போனா சொன்ன விலையைக் குடுத்துட்டு, தேங்க்ஸும் சொல்லிட்டு வருவ."

"அதுல என்ன தப்பு?"

மீனிடம் போய்க் கரையில் நடந்தால் என்ன தப்பு என்று கேட்பதைப் போல இருந்தது. 

"சரி, நீங்களே வாங்குங்க," என்றாள் அவள். "கதவு சுவத்துப் பக்கமா திறக்கற ஃபிரிட்ஜை வாங்கினீங்க, பேசாம இருந்தேன். மொத்தமா எடுத்தா மலிவுன்னு நாப்பத்தெட்டு டூத் பிரஷ் வாங்கினீங்க, நம்ம மூணு பேருக்கும் பல் விழற வயசு வரைக்கும் வரும், அதுக்கும் பேசாம இருந்தேன். இது அப்படி இல்ல. மேட்டுல இறங்கறது நானும் பொண்ணும். பதினாறாயிரம் தர்றேன், அதுக்கு மேல ஒரு சல்லி கிடையாது. இந்தத் தடவையும் குப்பையைக் கொண்டு வந்தீங்கன்னா, இனிமே இந்த வீட்டுக்கு எது வாங்கினாலும் நான்தான் வாங்குவேன். சோப்பு உட்பட."

எங்கள் வம்சத்தில் ஒருவனிடமிருந்து வாங்கும் உரிமையைப் பறிப்பதும், அவன் மீசையைப் பாதி மழிப்பதும் ஒன்றுதான். தலையாட்டினேன்.

நாலு வரி எழுதிய ஒரு சீட்டையும் கையில் கொடுத்தாள். முதல் வரியில் டயர் அளவு இருந்தது. அதை மனப்பாடம் செய்துகொண்டு, சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டேன். கையில் சீட்டோடு கடைக்குள் நுழைகிறவன் தண்ணீர் தெளிக்குமுன்பே தலையாட்டும் ஆடு. என்ன வேண்டும் என்று எழுதி வைத்திருப்பவனிடம் எவன் விலை குறைப்பான்?

துணைக்கு மச்சினனைக் கூட்டிக்கொண்டேன். என் மனைவியின் தம்பி. கணினியோடு மட்டும் பேசிச் சம்பாதிக்கிறவன். பேரத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் வாங்குகிறவன். மற்றவன், நான் காதைத் தொட்டதும் கையைப் பிடித்து இழுத்து "வாங்க, போகலாம், பக்கத்துத் தெருவுல இதைவிடக் கம்மி" என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். பரீட்சைக்குப் போகும் பிள்ளையைப் போல முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

டயர்க்கடையில் கூரை வரைக்கும் கருப்புத் தூண்களாக டயர் அடுக்கியிருந்தது. காற்றடிக்கும் இயந்திரம் ஆஸ்துமாக்காரரைப் போல இழுத்துக்கொண்டிருந்தது. பஞ்சர் பார்க்கும் தொட்டிக்குப் பக்கத்தில், கழுத்தில் ஒரு துண்டும் கையில் ஒரு டீயுமாக டயர்க்காரர் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார். எந்த வண்டிக்கு?"

"வண்டி இருக்கட்டும். வேற வேலையா இந்தப் பக்கம் வந்தோம். சும்மா விலை விசாரிக்கலாம்னு."

அவர் எட்டி வாசலைப் பார்த்தார். எங்கள் காரின் நாலு டயரும் அவரைப் பார்த்துப் பொக்கைவாயால் சிரித்தன.

"சும்மாதானா? சரி சார். இந்த டயரோட வீடு போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணிடுங்க. மனசு கேக்காது."

எனக்குக் காது அரித்தது. சொறிந்தேன்.

"வாங்க மாமா, போகலாம்!" என்று மச்சினன் என் கையைத் தோள்பட்டை கழலும்படி இழுத்தான். "பக்கத்துத் தெருவுல இதைவிடக் கம்மி!"

"எதைவிடப்பா கம்மி?" என்றார் டயர்க்காரர். "நான் இன்னும் விலையே சொல்லலையே."

ஒரு வழியாக அளவைச் சொன்னேன். முன் அடுக்கிலிருந்து ஒரு டயரை உருட்டி வந்து என் முன்னால் நிறுத்தினார். "ஒண்ணு நாலாயிரத்து ஐநூறு. நாலா எடுத்தா பார்த்துப் போட்டுக்கலாம்."

முதல் விலையைக் கேட்டதும் சிரிப்பதற்கென்றே எங்கள் குடும்பத்தில் ஒரு சிரிப்பு உண்டு. அதைச் சிரித்துவிட்டு, டயரை ஏளனமாகத் தடவினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. பக்கவாட்டில், சின்னக் கட்டத்துக்குள் நாலு இலக்கம்: 3824.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. காரணம் சொன்னால்தான் புரியும். எங்கள் கடையில் ஒவ்வொரு துணியின் அட்டையிலும் மூலையில் நாலு இலக்கம் இருக்கும். வாங்க வருகிறவர்கள் அதைச் சரக்கு எண் என்று நினைத்துக்கொள்வார்கள். அது நாங்கள் கொள்முதல் செய்த விலை. எவ்வளவு வரைக்கும் இறங்கலாம் என்று கடையில் இருப்பவனுக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும். மூன்று தலைமுறையாக வீட்டு மருமக்களுக்குக்கூடச் சொல்லாத ரகசியம்.

ஆக, இவருக்கும் அதே வழக்கம்! மூவாயிரத்து எண்ணூற்றுச் சொச்சத்துக்கு வாங்கி, நாலாயிரத்து ஐநூறு சொல்கிறார். நியாயமான மனிதர்தான் என்று நினைத்துக்கொண்டே மற்ற அடுக்குகளைச் சும்மா பார்ப்பதைப் போலச் சுற்றி வந்தேன். மூலையில், தூசு மூடிய அடுக்கில் அதே கம்பெனி, அதே அளவு, நாலே நாலு டயர். துடைத்துப் பார்த்தேன். 1119.

ஆயிரத்து நூற்றுப் பத்தொன்பது! விலை ஏறுவதற்கு முன்னால் வாங்கிப் பதுக்கி வைத்திருக்கிறார் மனுஷன். பழைய விலைக்கு வாங்கிய சரக்கைப் புது விலைக்குத் தள்ளுவது நாங்கள் செய்தால் சாமர்த்தியம், மற்றவன் செய்தால் பகல் கொள்ளை.

"இது என்ன விலை?" என்றேன், கொட்டாவி விட்டபடி.

அவர் முகம் மாறியது. "அது வேணாம் சார். அது பழைய சரக்கு."

இதைத்தானே எதிர்பார்த்தேன்! லாபம் கொழுத்த துணியை யாராவது சரியாகக் கையில் எடுத்துவிட்டால், என் அண்ணனும் இதே குரலில்தான் "அது பழசு மேடம்" என்பான். நான் கண்ணடித்தேன்.

"தெரியும். அதனாலதான் கேக்கறேன்."

"இல்ல சார், நெஜமாவே பழசு."

"எனக்கும் நெஜமாவே பழசுதான் வேணும்."

டயர்க்காரர் மச்சினனைப் பார்த்தார். "தம்பி, இவரு வீட்டுல நல்லாத்தானே இருக்காரு?"

அவன் அதைச் சமிக்ஞை என்று எடுத்துக்கொண்டு, "வாங்க மாமா, போகலாம்!" என்றான்.

டயர்க்காரர் இரண்டாயிரம் என்றார். நான் ஆயிரத்து இருநூறு என்றேன். பெருமூச்சு விட்டு, தலையைச் சொறிந்து, "ஆயிரத்து ஐநூறு, அதுவும் நீங்க இவ்வளவு பிடிவாதமா நிக்கறதுனால" என்றார். கொசுறு கேட்டேன். டயரில் காற்றடிக்கும் வாயை மூட, பளபளவென்று நாலு உலோக மூடி கொடுத்தார். பில்லில் "வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டபடி" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் இருந்த வாட்டத்தைத் தோல்வி என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அது இரக்கம்.

வீட்டுக்கு வந்து, மீதிப் பத்தாயிரத்தை மேஜைமேல் விசிறியாக விரித்து வைத்தேன். மனைவி பணத்தைப் பார்க்கவில்லை. நேராக வாசலுக்குப் போய் முன் சக்கரத்தின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். போன் வெளிச்சத்தில் பார்த்தாள். நகத்தால் அழுத்தினாள். நகம்தான் வளைந்தது.

"ஏங்க, நான் குடுத்த சீட்டு எங்க?"

"பத்திரமா இருக்கு."

"எடுத்து ரெண்டாவது வரியைப் படிங்க. சத்தமா."

படித்தேன். "பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம். அடுத்த இரண்டு வருஷம். ஒரு வருஷத்துக்கு மேல் பழசானால் வாங்க வேண்டாம்."

"இப்ப இதைப் படிங்க."

"பதினொண்ணு... பத்தொன்பது." சீட்டை இன்னொரு தடவை பார்த்தேன். "பதினோராவது வாரம். பத்தொன்பதாம் வருஷம்."

"நம்ம பொண்ணுக்குப் பால் பல்லு முளைச்சப்ப செஞ்ச டயர். ரப்பர் கல்லா இறுகிப் போயிருக்கு. ஈர ரோட்டுல போட்டா சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும்." அவள் கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சொன்னாள். "அந்த மேட்டுல இதை வச்சுக்கிட்டா நாங்க இறங்கணும்?"

அன்றைக்கு ராத்திரி, பத்தாயிரம் மிச்சம் என்று குதித்தவன் மனதில், பால் வண்டியும் அந்த ஒரு சாண் தூரமும் திரும்பத் திரும்ப வந்தன. அந்த ஒரு சாணைத்தான் நான் பேரம் பேசி விற்றுவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் காலை நானும் மனைவியும் மச்சினனும் டயர்க்கடைக்குப் போனோம். டயர்க்காரர் எங்களைப் பார்த்ததும், நான் கேட்பதற்கு முன்பே கையெழுத்திட்ட பில்லின் நகலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

நான் தொண்டையைச் செருமினேன். மனைவி கையைக் காட்டி நிறுத்தினாள். "அண்ணே, தப்பு எங்க வீட்டு ஆளோடது. நீங்க வேணாம்னு சொல்லியிருக்கீங்க. புது டயர் நாலு வேணும். டயருக்குன்னு நாங்க ஒதுக்கினதே பதினாறாயிரம்தான். பழசை என்ன விலைக்கு எடுத்துப்பீங்களோ எடுத்துக்குங்க."

ஒதுக்கிய தொகையை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டாள்! என் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியிருந்தாலும் இத்தனை வலித்திருக்காது. அவருக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

"பதினாறாயிரத்துக்கே நாலும் போட்டுத் தர்றேன்மா. பழசுக்குக் குடுத்த ஆறாயிரத்தையும் முழுசா கழிச்சுக்கறேன். ஒரே ஒரு நிபந்தனை." என் பக்கம் திரும்பினார். "நேத்து ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல சார். முப்பது வருஷமா கடை வச்சிருக்கேன். ஏமாத்தப் பார்த்தவன் உண்டு, ஏமாந்தவன் உண்டு. வேணாம் வேணாம்னு சொல்லச் சொல்லப் புடுங்கிட்டுப் போனவரு நீங்க ஒருத்தர்தான். ஏன் அதையே புடிச்சீங்க? அதைச் சொல்லிடுங்க."

ஒரு பக்கம் மூன்று தலைமுறை ரகசியம். இன்னொரு பக்கம் மனைவி. அவள் கைகட்டி நின்றுகொண்டு, என் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லிவிட்டேன். என் வாழ்நாளில், கேட்ட முதல் விலைக்கே நான் கொடுத்த ஒரே சரக்கு அந்த ரகசியம்தான்.

டயர்க்காரர் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. மச்சினன் என் கையைப் பிடித்து, "வாங்க மாமா, போகலாம்," என்றான். அவன் அதைச் சரியான நேரத்தில் சொன்னது அன்றைக்குத்தான்.

இரண்டு நாள் கழித்து மழை பிடித்துக்கொண்டது. மருந்துக்கடை மேட்டில் நானும் காரில் இருந்தேன். சிக்னலில் அவள் பிரேக்கை மிதித்தாள். கார் கட்டிப்போட்டதைப் போல நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். நான் முன்கண்ணாடித் துடைப்பானைப் பார்த்தேன்.

சோப்பு அவள் கைக்குப் போனது. சொன்ன சொல் தவறாதவள்.

அடுத்த வாரம் எங்கள் துணிக்கடைக்கு டயர்க்காரர் வந்தார். வேலையாட்கள் ஐந்து பேருக்குச் சட்டைத் துணி வேண்டுமாம். ஒரு சட்டைத் துணியை எடுத்துப் பார்த்தார். அண்ணன் ஐநூற்று இருபது என்றான். அவர் நிதானமாக அட்டையைத் திருப்பி, மூலையைப் படித்தார்.

"இருநூத்தி எண்பத்தஞ்சு. உங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. முந்நூறா வச்சுக்குங்க."

அண்ணனுக்கு முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "அது பழைய சரக்குங்க," என்றான் அவசரமாக.

டயர்க்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "தெரியும். அதனாலதான் கேக்கறேன்."

கட்டிக் கொடுத்தோம். போகும்போது கொசுறும் கேட்டார். மேஜை இழுப்பறையைத் திறந்து, அவர் தந்த நாலு மூடியையும் எடுத்து அவர் கையிலேயே வைத்தேன்.

கதையைக் கேட்டு மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் மனம் இளகியது. "சரி போங்க, உப்பு மட்டும் இனிமே நீங்க வாங்கலாம். அது கெட்டுப்போகாது."

உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கடைக்காரர் ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். பழக்கம் வந்துவிட்டதே, பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். போன வருஷத்துத் தேதி.

"புதுசு இல்லையா?"

"உப்புல என்ன சார் புதுசு, பழசு? எல்லாம் ஒண்ணுதான்."

பொட்டலத்தைக் கீழே வைத்தேன்.

"அப்ப பழசுக்கு விலையைக் குறைங்க."