நாற்பத்தொரு லட்சம் இழுப்பு

என் வீட்டுக்காரர் மல்லப்பனுக்கு எதையும் சொன்னபடி செய்யத் தெரியாது. கொள்ளேகாலில் பெண் பார்க்க வந்த அன்றே தெரிந்துகொண்டேன். தெரிந்துதான் கட்டிக்கொண்டேன், யாரைக் குறை சொல்ல?

மைசூரில் ஒரே டயர் கம்பெனி ஆய்வகத்தில் இருவருக்கும் வேலை. ரப்பர் கலவை தயாரிப்பது நான். அதை மெஷினில் மாட்டி இழுத்துப் பார்ப்பது அவர். விரல் அகலப் பட்டையை நொடிக்கு ஐந்து தடவை இழுத்து இழுத்து விடும் மெஷின் அது. ஒரே இழுப்பில் ரப்பர் அறுந்துவிடாது. உள்ளே எங்கோ கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று பிறக்கும், இழுக்க இழுக்கத் துளித்துளியாக வளரும், ஒருநாள் பட்டென்று போகும். லாரி டயருக்காக மூன்று வருடம் பாடுபட்டு நான் செய்த கலவை ஐம்பது லட்சம் இழுப்பைத் தாங்கினால் தேறியது. இல்லையென்றால் அதோடு மூட்டை கட்டிவிடுவார்கள்.

மெஷின் ஓடத் தொடங்கி ஒன்பது நாள் கழித்து ஆயுத பூஜை வந்தது. எல்லா மெஷினையும் நிறுத்திப் பொட்டு வைத்தார்கள். "இதை மட்டும் நிறுத்தாதீங்க, தொடவும் தொடாதீங்க" என்று அவரிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன். "சரி புள்ள" என்றார்.

மறுநாள் ஊரே தசராவின் ஜம்பு சவாரி யானை ஊர்வலம் பார்க்கக் கிளம்பிவிட்டது. அவர் மட்டும் விடிந்ததும் மெஷினைப் பார்க்கப் போனார். பத்து மணிக்கு நான் போனபோது மெஷின் நின்றிருந்தது, நாற்பத்தொரு லட்சத்தில். அறுந்த பட்டையின் மேல்துண்டு பிடியில் தொங்கியது. அறுந்த இடத்தை ஒட்டிச் சிவப்பாக ஒரு பொட்டு.

"ஏனுங்க, என்னங்க இது?"

"நேத்து நாந்தான் வெச்சேன். எல்லாத்துக்கும் பூசை ஆச்சு, இது மட்டும் பாழ் நெத்தியா ஓடுது. மனசு கேக்கல. ஒட்டணும்னு குங்குமத்தை எண்ணெயில கொழச்சு வெச்சேன்."

எண்ணெய் பட்டால் இந்த ரப்பர் ஊறி உப்பிவிடும். ஆய்வகத்தைக் கூட்டுகிறவருக்குக்கூட அது தெரியும். வாயில் வந்தபடி திட்டினேன். குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டார்.

"மேனேஜர் கணபதிராமன் சாருக்குப் போன் பண்ணி, என் தப்புன்னு சொல்லிட்டேன். எனக்கு மெமோ வரும். உனக்குப் புதுப் பட்டை மாட்டி மறுபடி ஓட்டச் சொல்லிட்டாரு."

கோபம் கொஞ்சம் தணிந்தது. எதற்கும் அறுந்த முகத்தைப் பார்த்துவிடலாம் என்று கீழ்த்துண்டைத் தேடினேன். அது மைக்ராஸ்கோப்பில் இருந்தது. குனிந்தேன். திருகிச் சரிசெய்ய வேண்டிய தேவையே இல்லாமல் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பொட்டுக்கு எதிர்ப்பக்கம், உள்ளே, சரியாகக் கலக்காத கரித்தூள் கட்டி ஒன்று. கீறல் அங்கேதான் பிறந்திருந்தது. மூன்று வருடமாக என்னை வாட்டிய அதே கட்டி. இந்தக் கலவையில் ஒழித்துவிட்டேன் என்று நம்பியிருந்தேன்.

"இதைப் பாத்துட்டுத்தான் போன் பண்ணீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இன்னொருக்கா ஓட்டினா தாங்கும்னு நெனச்சேன் புள்ள."

போனை எடுத்தேன். "சார், பொட்டுனால இல்லைங்க. என் கலவையில கட்டி."

"அப்படின்னா மறு டெஸ்ட் கெடையாதும்மா. யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிச்சுட்டேன் சார்."

போனை வைத்ததும் அவர் கேட்டார். "ஏன் புள்ள சொன்ன?"

"அந்த டயர் மாதேஸ்வரன் மலை எறங்கறப்ப வெடிச்சா, டிரைவர் வூட்டுக்கும் நீங்களே போன் பண்ணி என் தப்புன்னு சொல்வீங்களா?"

மூன்று வருடக் கலவையை அன்றோடு மூட்டை கட்டினேன். ஆனால் அந்த மனுஷன்மேல் அன்றைக்கு வந்த ஆசை எனக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.